முழங்காலுக்கு ஒரு வருஷம்

கஷ்டத்துக்கென்று ஒரு மனுப் பாரம் அமெரிக்காவில் ஏற்பட்டிருக்கிறது. கலாசாலைகளில் பந்து விளையாடும் பிள்ளைகளுக்கானது அது. 'மெடிக்கல் ஹார்ட்ஷிப் வெய்வர்' என்று பெயர். தமிழில் சொல்வதானால், 'தேக அசௌகரியத்தினால் வந்த கஷ்டத்துக்கு விலக்கு' என்று சொல்லலாம். ஆட்டத்தில் ஒரு பையனுக்கு முழங்கால் போய்விடுகிறது. அந்த வருஷத்தை அவன் ஆடித் தீர்த்த வருஷமாகக் கணக்கில் சேர்க்காமல், பின்னால் வேறொரு வருஷம் ஆடிக்கொள்ள அனுமதிக்க வேண்டும் என்று கலாசாலை எழுதிக் கேட்கும். மேலே உள்ளவர்கள் காகிதங்களைப் பார்த்துச் சரி என்பார்கள், அல்லது முடியாது என்பார்கள். நம் ஊரில் அட்டெண்டன்ஸ் குறைந்த பையன் டாக்டர் சர்டிபிகேட்டைக் கையில் வைத்துக்கொண்டு பிரின்ஸிபால் அறை வாசலில் நிற்கிறான் அல்லவா, ஏறக்குறைய அந்த இனத்தைச் சேர்ந்த காகிதம்தான்.

இதைப் பற்றி எழுத உனக்கு என்ன வந்தது என்று வாசகர்கள் கேட்கலாம். விதிப் புத்தகங்களைப் படிப்பதில் எனக்கு ஒரு சபலம் உண்டு. 'இரவு பத்து மணிக்கு மேல் கிணற்றடியில் துணி துவைக்கக் கூடாது' என்று வீட்டுக்காரர் சுவரில் எழுதி ஒட்டியிருந்தால், அந்த வீட்டில் முன்னால் குடியிருந்தவர்களைப் பற்றி நமக்கு ஒரு கதை கிடைத்துவிடுகிறது. அமெரிக்கக் கலாசாலை விளையாட்டு விதிகளும் அப்படித்தான். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் யாரோ ஒருவன் செய்த காரியமோ, யாரோ ஒருவனுக்கு நேர்ந்த காரியமோ ஒளிந்திருக்கிறது.

விலக்கு என்றால் எதிலிருந்து விலக்கு என்று முதலில் தெரிய வேண்டும் அல்லவா? இன்னின்னார்தான் ஆடலாம், இத்தனை வருஷந்தான் ஆடலாம் என்று ஒரு வரம்பு இருக்கிறது. அந்த வரம்பிலிருந்து விலக்கு. வரம்பு ஏன் வந்தது என்பது வேடிக்கையான கதை. யேல் சர்வகலாசாலைக் கட்சிக்கு 1904-இல் ஜேம்ஸ் ஹோகன் என்பவன் தலைவனாக இருந்தான். இருபத்தைந்து வயதைத் தாண்டிய ஆள். அவனுக்கு விடுதியில் இலவச அறைகள், இலவசச் சாப்பாடு, கியூபாவுக்கு ஓர் உல்லாசப் பயணம். போதாததற்கு, அந்த ஊரில் விற்கும் சிகரெட்டுகளுக்குக் கமிஷன் வேறு! அவனாவது ஒரே இடத்தில் இருந்தான். வேறு சிலர் இந்த வருஷம் ஒரு கலாசாலை, அடுத்த வருஷம் இன்னொரு கலாசாலை என்று கூத்துக் கட்சிக்காரர்களைப்போல ஊர் ஊராகச் சுற்றினார்கள். படிப்பு என்பது மருந்துக்குக்கூட இல்லை. 'நாடோடி ஆட்டக்காரர்கள்' என்றே அவர்களுக்குப் பெயர் ஏற்பட்டது.

இது வேடிக்கை. அடுத்தது வேடிக்கை அல்ல. அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்லும் ஆட்டத்தில் காலுக்கு வேலை கொஞ்சம். தோளுக்கும் தலைக்குமே வேலை அதிகம். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறவனை மற்றவர்கள் பாய்ந்து வீழ்த்த வேண்டும். 1905-ஆம் வருஷத்துப் பருவத்தில் மட்டும் இந்த ஆட்டத்தில் 18 பேர் மாண்டார்கள் என்று அக்காலத்துப் பத்திரிகைகள் கணக்குப் போட்டன. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அக்டோபர் மாதம் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் மூன்று சர்வகலாசாலைகளின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அவருடைய சொந்தப் பிள்ளையே அப்போது ஹார்வர்டில் முதல் வருஷ மாணவர் கட்சியில் ஆடிக்கொண்டிருந்தான். அந்தப் பருவத்திலே மூக்கையும் உடைத்துக்கொண்டான். நவம்பர் மாதம் நியூயார்க் சர்வகலாசாலையோடு ஆடிய யூனியன் கலாசாலை மாணவன் ஹெரால்ட் மூர் உயிரிழந்தான். அதன்பேரில் நியூயார்க் சர்வகலாசாலைத் தலைவர் மக்கிராக்கன் மற்றக் கலாசாலைகளைக் கூட்டினார். டிசம்பரில் 62 கலாசாலைகள் கூடின. அங்கே முளைத்த சங்கந்தான் 1910-இல் 'நாஷனல் காலேஜியேட் அத்லெடிக் அசோஸியேஷன்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. சுருக்கமாக என்.சி.ஏ.ஏ. இனிமேல் 'சங்கம்' என்று சொன்னால் இதுதான்.

ஆட்டக்காரர்கள் சாகாமல் இருப்பதற்காகப் பிறந்த சங்கம், ஐம்பது வருஷத்துக்குள் ஓர் ஆட்டக்காரனுடைய சாவுக்கு யார் பணம் கொடுப்பது என்ற வழக்கைக் கண்டு நடுங்கியது. இந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமான இடம் அதுதான். ஆகையால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கொலராடோ மாகாணத்தில் டென்வர் சர்வகலாசாலை இருக்கிறது. அங்கே எர்னஸ்ட் நெமத் என்ற மாணவன் 1950-இல் கால்பந்துப் பயிற்சியின்போது முதுகை ஒடித்துக்கொண்டான். சர்வகலாசாலை டென்னிஸ் மைதானத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ள அவனுக்கு மாதம் 50 டாலர் கொடுத்து வந்தது. சூளை அடுப்பைக் கவனித்து, நடைபாதைப் பனியை வாரித் தள்ளினால் தங்க இடம். ஆனால் கட்சியில் ஆடினால்தான் இந்த வேலைகள் நிலைக்கும். கட்சியை விட்டால் மைதானத்துத் துடைப்பமும் கையை விட்டுப் போய்விடும்! இதைக் கவனித்த கொலராடோ சுப்ரீம் கோர்ட், 1953-இல் ஒரு தீர்ப்புச் சொன்னது: இவன் சம்பளத்துக்கு வேலை செய்தவன், அந்த வேலையைச் சேர்ந்த காரியத்தில்தான் அடிபட்டான், ஆகவே தொழிலாளிக்குரிய நஷ்ட ஈட்டுக்கு உரியவன்.

இரண்டு வருஷம் கழித்து, 1955-இல், அதே மாகாணத்து ஃபோர்ட் லூயிஸ் கலாசாலையின் ஆட்டக்காரர் ரே டென்னிஸன் ஓர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவருடைய மனைவி நஷ்ட ஈடு கேட்டாள். இந்த முறை அதே கோர்ட், 1957-இல், இல்லை என்று சொல்லிவிட்டது. கலாசாலை கால்பந்து வியாபாரம் நடத்தவில்லையாம். ஆட்டத்தினால் கலாசாலைக்கு நேர் லாபம் ஒன்றும் இல்லையாம். ஆகையால் இறந்தவர் அங்கே வேலைக்கு இருந்தவர் அல்லவாம்.

இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவில் சங்கத்தின் காரியாலயத்தில் ஒரு சொல் பிறந்தது. வால்டர் பயர்ஸ் என்பவர் 1951 முதல் 1987 வரையில் அங்கே நிர்வாக டைரக்டராக இருந்தார். ஆட்டக்காரன் என்று எழுதினால் அவனைத் தொழிலாளி என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, 'ஸ்டூடண்ட்-அத்லெட்' என்று ஒரு தொடரை உண்டாக்கினோம். விதிகளில் எல்லாம் பழைய சொல்லை எடுத்துவிட்டு இதைப் புகுத்தினோம் என்று, 1995-இல் வெளியிட்ட தம்முடைய புத்தகத்தில் அவரே எழுதியிருக்கிறார். மாணவ விளையாட்டு வீரன்! காதுக்கு எவ்வளவு இதமாக இருக்கிறது! சொல்லை வைத்துப் பிழைக்கிறவன் நான். ஒரே ஒரு சொல்லால் இவ்வளவு டாலரை மிச்சம் பிடித்த எழுத்தாளனை நான் கேள்விப்பட்டதே இல்லை.

இதிலே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஆலையில் கை போனால் அது கடன். முதலாளி கொடுத்துத் தீர வேண்டியது. வகுப்பில் உடம்புக்கு வந்தால் அது துரதிர்ஷ்டம். வாத்தியார் பார்த்துச் சலுகை காட்ட வேண்டியது. அடிபட்ட ஆட்டக்காரனை வகுப்புப் பக்கம் தள்ளிவிட்ட பிறகு, அவனுக்குக் கொடுப்பதற்குச் சங்கத்தினிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: காலம். 'உன் வருஷத்தைத் திருப்பித் தருகிறோம், மறுபடி வந்து ஆடு.' கஷ்ட விலக்கு என்பதன் உள்ளுறை அவ்வளவுதான்.

இனி அந்த விதியைப் பார்ப்போம். நாலு பருவம் ஆடலாம். ஆனால் கலாசாலையில் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் அந்த நாலையும் ஆடி முடிக்க வேண்டும். சங்கத்தின் முதல் பிரிவில் வெகுகாலம் நடந்து வந்த ஏற்பாடு இது. 'ஐந்து வருஷக் கடிகாரம்' என்று பேச்சு வழக்கில் சொல்வார்கள். சேனையில் சேவை செய்த காலத்துக்கும், மதப் பிரசாரத்துக்குப் போன காலத்துக்கும் கடிகாரம் நிற்கும். பிள்ளைப்பேற்றுக்கு ஒரு வருஷம் கூடக் கொடுக்கலாம். முழங்காலுக்கு நிற்காது.

நாலு ஆட்டத்துக்கு ஐந்து வருஷம் என்றால் ஒரு வருஷம் உபரி. அந்த உபரி வருஷம் ஆடாமல் பயிற்சி மட்டும் செய்கிறவனுக்குச் 'சிவப்புச் சட்டை' என்று பெயர். நெப்ராஸ்கா சர்வகலாசாலையில் 1937-இல் வாரன் ஆல்ஃப்ஸன் என்ற மாணவன் தானாகவே ஒரு வருஷம் ஒதுங்கியிருந்து, எண் போடாத சிவப்புச் சட்டையில் பயிற்சிக்கு வந்தான் என்றும், அதிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்றும் சொல்கிறார்கள். அடிபட்டு ஒதுங்குகிறவன் 'வைத்தியச் சிவப்புச் சட்டை.' அதுதான் நம் கஷ்ட விலக்கு.

அதற்கு நிபந்தனைகள் உண்டு. அந்தப் பருவம் முழுவதும் இனி ஆட முடியாது என்கிற அளவுக்கு அடி பட்டிருக்க வேண்டும். பருவத்தின் முதல் பாதிக்குள் பட்டிருக்க வேண்டும். அதற்குள் அவன் ஆடியது மொத்த ஆட்டங்களில் நூற்றுக்கு 30-க்கு மேல், அல்லது மூன்று ஆட்டங்களுக்கு மேல், இவற்றில் எது அதிகமோ அதற்கு மேல் போயிருக்கக் கூடாது. பின்னம் வந்தால் அடுத்த முழு எண்ணாக எடுத்துக்கொள்ளலாம். அடிபட்ட சமயத்திலேயே வைத்தியர் எழுதி வைத்த காகிதம் வேண்டும். பிற்பாடு எழுதி வாங்கியது செல்லாது. பெரும்பாலும் அந்தக் கலாசாலை சேர்ந்திருக்கிற வட்டாரக் கூட்டமைப்பே மனுவைப் பார்த்து முடிவு செய்யும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு ஆட்டம். நூற்றுக்கு 30 என்றால் 3.6; முழு எண்ணாக்கினால் நாலு. நாலாவது ஆட்டத்தில் முழங்கால் போனவனுக்கு ஒரு வருஷம் கிடைக்கும். ஐந்தாவது ஆட்டத்தில் போனவனுக்குக் கிடைக்காது. முழங்கால் ஒன்றுதான், நார் ஒன்றுதான், கத்தியும் தையலும் ஒன்றுதான். ஒரு சனிக்கிழமைதான் வித்தியாசம்.

இந்த இடத்தில் என் மனம் விதிப் புத்தகத்தை விட்டுவிட்டு ஆட்டக்காரர்கள் சட்டை மாற்றும் அறைக்குப் போய்விடுகிறது. நாலு ஆட்டம் ஆடியாகிவிட்டது. முழங்கால் வீங்கியிருக்கிறது. நார் அறுந்ததா, வெறும் சுளுக்கா என்று தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமை ஊரார் முன்னிலையில் ஆட்டம். தாயும் தகப்பனும் முந்நூறு மைல் காரோட்டிக்கொண்டு வருகிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கலாம். இறங்கி, ஐந்தாவது ஆட்டத்தில் அது முழுக்கவே போய்விட்டால், காலும் போயிற்று, வருஷமும் போயிற்று. இறங்காமல் இருந்து, அது வெறும் சுளுக்காக இருந்துவிட்டால்? இருபது வயதுப் பையன் போட வேண்டிய கணக்கா இது? தைரியசாலியைத் தண்டித்து ஜாக்கிரதைக்காரனுக்குப் பரிசு கொடுக்கும் விதி என்று இதைச் சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது. ஆனால் எங்கேயாவது கோடு போட்டுத்தானே ஆக வேண்டும், கோடே இல்லாவிட்டால் ஹோகன் சிகரெட் கமிஷனோடு திரும்பி வந்துவிடுவானே என்று சங்கத்தார் கேட்டால், அதற்கும் பதில் சொல்ல வேண்டும். கால்பந்தில் 2018-இல் இந்தச் சிக்கலைக் கொஞ்சம் அவிழ்த்தார்கள். அடிபட்டாலும் படாவிட்டாலும், நாலு ஆட்டம் வரைக்கும் ஆடியவன் தன் உபரி வருஷத்தை அந்தப் பருவத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

உபரி வருஷமும் செலவாகிவிட்டால் ஆறாவது வருஷம் கேட்க வேண்டும். அதற்கு ஒரு துன்பம் போதாது. தன் கைக்கு மீறிய காரணத்தால் இரண்டு பருவம் போயிருக்க வேண்டும். கிரகசாரம் ஜோடியாக வந்தால்தான் கதவு திறக்கும்!

ஓக்லஹோமா சர்வகலாசாலையின் ஜேஸன் வைட்டுக்கு அது திறந்தது. அவன் சேர்ந்தது 1999-இல். 2001 அக்டோபர் கடைசியில் நெப்ராஸ்காவோடு ஆடும்போது இடது முழங்கால் நார் அறுந்தது. ஆபரேஷன், மாதக் கணக்கில் பயிற்சி. 2002 செப்டம்பரில் இரண்டாவது ஆட்டம். அலபாமாவோடு. வலது முழங்கால் நார் அறுந்தது. மறுபடி ஆபரேஷன். வேறொருவனாக இருந்தால் படிப்பை முடித்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்திருப்பான். வைட் 2003-இல் மறுபடி இறங்கி, அந்த வருஷத்துச் சிறந்த ஆட்டக்காரனுக்கான ஹெய்ஸ்மன் கோப்பையை வாங்கினான். 2004-இல் சங்கம் அவனுக்கு ஆறாவது வருஷத்தைக் கொடுத்தது. அந்த வருஷமும் தன் கட்சியைத் தேசிய இறுதி ஆட்டம் வரையில் கொண்டுபோனான்; 2005 ஜனவரியில் அதில் தோற்றான்.

கஷ்ட விலக்கை ஆதரிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. நானும் மனமார ஒப்புக்கொள்கிறேன். விதி இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கடைசி வருஷம் அவனுக்கு இல்லை. ஆனால் கதை அதோடு முடியவில்லை. அந்த வசந்த காலத்தில் தொழில்முறைக் கட்சிகள் ஆட்களைத் தேர்ந்தெடுத்தபோது, கோப்பை வாங்கியவனை ஒருவரும் எடுக்கவில்லை. பிறகு டென்னஸி கட்சி சேர்த்துக்கொண்டது. முழங்கால் தாங்காது என்று அவனே விலகிவிட்டான். ஓக்லஹோமா மைதானத்துக்கு எதிரே கோப்பை வாங்கியவர்களுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். வைட்டுக்கும் ஒரு சிலை இருக்கிறது. அந்தச் சிலைக்கு முழங்கால் வலிக்காது.

வைட் திரும்பி வந்தவன். திரும்பி வர முடியாதவனுக்கு இந்த விலக்கு எதற்கு உதவும்?

டெக்ஸாஸ் கிறிஸ்தவ சர்வகலாசாலையில் கென்ட் வால்ட்ரெப் என்ற பையன் ஆடினான். 1974 அக்டோபர் 26-ஆம் தேதி, பர்மிங்ஹாம் நகரத்தில் அலபாமாவோடு ஆட்டம். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் தலைகீழாக விழுந்தான். கழுத்துக்குக் கீழே உடம்பு செயலற்றுப் போய்விட்டது. வயது இருபது. அவனுக்கு நாலு பருவம் பாக்கியா, மூன்று பருவம் பாக்கியா என்று கேட்பதில் என்ன அர்த்தம்? சர்வகலாசாலை கொஞ்ச காலம் வைத்தியச் செலவைக் கொடுத்துவிட்டுப் பிறகு நிறுத்திக்கொண்டது. 1978-இல் அவன் சிகிச்சைக்காக சோவியத் ரஷ்யா வரையில் போய் வந்தான். பிற்பாடு முதுகுத்தண்டு ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டினார். ஊனமுற்றோருக்கான தேசியக் கவுன்ஸிலில் அங்கத்தினராக இருந்தார். அமெரிக்க ஊனமுற்றோர் சட்டத்துக்கு முதல் நகலை எழுதியது அந்தக் கவுன்ஸில்தான். 1990-இல் அது சட்டமாயிற்று. (நடுவில் 'அவன்' 'அவர்' ஆகிவிட்டதை வாசகர்கள் மன்னிக்க வேண்டும். அவ்வளவு காரியம் செய்தவரை 'அவன்' என்று எழுதப் பேனா மறுக்கிறது.)

ஆட்டம் முடிந்து பத்தொன்பது வருஷம் கழித்து, 1993-இல், டெக்ஸாஸ் தொழிலாளர் நஷ்ட ஈட்டுக் கமிஷன் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆடியதற்காக உபகாரச் சம்பளம் வாங்கினார், ஆகையால் ஊழியர். இன்ஷூரன்ஸ் கம்பெனி விடவில்லை. 1997-இல் ஜூரிகள் மாற்றிச் சொன்னார்கள். 2000-இல் அப்பீல் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது: அவர் ஊழியர் அல்ல, மாணவர். டென்னிஸனுடைய மனைவிக்குக் கிடைத்த அதே பதில், நாற்பத்து மூன்று வருஷம் கழித்து. வால்ட்ரெப் 2022-இல் காலமானார்.

உபகாரச் சம்பளத்தின் கதையையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் விஷயம் முழுமையாகாது. விளையாட்டுக்காகவே உபகாரச் சம்பளம் கொடுக்கலாம் என்று சங்கம் ஒப்புக்கொண்டது 1956-இல். 1973-இல் அதை ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்கும் ஏற்பாடாக மாற்றினார்கள். முழங்கால் போனவனுக்கு அடுத்த வருஷம் புதுப்பிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விலக்கு கொடுத்து வருஷத்தை நீட்டலாம். ஆனால் அந்த வருஷத்தில் சாப்பிடுவது எப்படி என்பது பயிற்சியாளருடைய மனசைப் பொறுத்தது. கஷ்டம் என்ற சொல்லுக்கு இன்னோர் உபயோகமும் ஏற்பட்டது. இனி இவன் ஆடவே முடியாது என்று வைத்தியர் எழுதிக்கொடுத்தால், பையனுக்கு உபகாரச் சம்பளம் தொடரும். ஆனால் கட்சிக்கு உள்ள உபகாரச் சம்பளக் கணக்கில் அவன் பெயர் வராது. அந்த இடத்துக்குப் புதிய ஆளைச் சேர்த்துக்கொள்ளலாம். தருமம் மாதிரிதான் இருக்கிறது. 2010-இல் ஒரு பெரிய பத்திரிகை விசாரித்தபோது, தெற்கே ஒரு பிரபல சர்வகலாசாலையின் முன்னாள் ஆட்டக்காரர்கள் சிலர், எங்களால் இன்னும் ஆட முடிந்திருக்கும், இடத்தைக் காலி செய்வதற்காகவே வைத்தியக் காரணம் காட்டி ஒதுங்கச் சொன்னார்கள் என்று குறைபட்டார்கள். சர்வகலாசாலை தரப்பில், வைத்தியர்கள் சொன்னபடிதான் நடந்தோம் என்றார்கள். ஆட விரும்புகிறவனைக் கஷ்டப்பட்டவன் என்று கையெழுத்துப் போடச் சொல்வது, கஷ்டப்பட்டவனுக்குக் கையெழுத்துப் போட மறுப்பதைவிட எந்த விதத்தில் மேல் என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு மெள்ள மெள்ள மாறுதல்கள் வந்தன. ஆட்ட ஒளிபரப்பில் பெரும் பணம் பார்க்கும் சர்வகலாசாலைகள், அடிபட்டவனுடைய வைத்தியச் செலவையும் படிப்புச் செலவையும் கைவிடக் கூடாது என்று 2012-இல் கலிபோர்னியா சட்டம் போட்டது. 2015-இல் ஐந்து பெரிய கூட்டமைப்புகள், ஆட்டம் சரியில்லை என்ற காரணத்துக்காக உபகாரச் சம்பளத்தை ரத்துச் செய்வதில்லை என்று தீர்மானித்தன. 2024 ஆகஸ்டிலிருந்து, ஆட்டத்தில் பட்ட காயத்துக்குக் கலாசாலையை விட்டுப் போன பிறகும் இரண்டு வருஷத்துக்குச் சங்கத்தின் இன்ஷூரன்ஸ் உண்டு என்று ஏற்பட்டது. 2025 ஜூலையிலிருந்து, கோர்ட் அங்கீகரித்த சமரசத்தின்படி, கலாசாலைகளே ஆட்டக்காரர்களுக்கு நேராகப் பணம் கொடுக்கத் தொடங்கின. கால்பந்து வியாபாரம் நடத்தவில்லை என்று கோர்ட் சொல்லி அப்போது அறுபத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது.

பணம் வருவதற்குச் சற்று முன்னால், காலத்தை மட்டும் வாங்கி வாங்கிச் சேர்த்த ஒருவன் இருந்தான். காம் மக்கார்மிக். 2016-இல் ஆரெகன் சர்வகலாசாலையில் சேர்ந்தான். 2018-இல் முதல் ஆட்டத்திலேயே கால் எலும்பு முறிந்தது. அதற்கான ஆபரேஷன்கள் 2019-ஐயும் 2020-ஐயும் தின்றுவிட்டன. 2020 எப்படியும் யாருக்கும் கணக்கில் சேராத வருஷம். கொரோனாவுக்காக எல்லோருக்குமே சங்கம் ஒரு வருஷம் தள்ளிக் கொடுத்தது. 2021-இல் குதிகால் நார் அறுந்தது. ஆரெகனில் அவன் காலத்திலே நாலு தலைமைப் பயிற்சியாளர்கள் வந்து போனார்கள். மூன்றாவதாக வந்தவர் மயாமி சர்வகலாசாலைக்குப் போய்விட்டார். 2023-இல் மக்கார்மிக்கும் அங்கே போய் அவரிடமே சேர்ந்தான். 2024-இல் சங்கம் அவனுக்கு ஒன்பதாவது வருஷத்தை அனுமதித்தது. பத்திரிகைகள் கேலிச் சித்திரம் போடாத குறையாக எழுதின. கூட ஆடுகிற பையன்கள் சிலருக்கு வயது பதினெட்டு, இவனுக்கு இருபத்தாறு. அவன் ஆரெகனில் சேர்ந்த சமயத்தில் அந்தப் பையன்கள் ஆரம்பப் பள்ளியில் இருந்திருப்பார்கள்.

கேலி செய்தவர்கள் ஒன்பது என்ற எண்ணை மட்டும் பார்த்தார்கள். அதில் நாலு வருஷம் கட்டிலிலும் கட்டிலும் கழிந்தவை. காலில் போட்ட கட்டைச் சொல்கிறேன். 2024 டிசம்பர் 28-ஆம் தேதி மயாமிக்கு அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம், அயோவா ஸ்டேட் சர்வகலாசாலையோடு. ஒரே ஒரு பாயிண்டில், 42-க்கு 41 என்று, மயாமி தோற்றது. பத்தாவது வருஷம் கேட்டு மனுப் போடவில்லை.